வலி தீர வழி உண்டு!

முதுகில் ஒரு மெல்லிய குழாய்: முற்றிய புற்று நோய்க்கு ஒரு நிம்மதி

புற்று நோய் முற்றிவிட்டால், சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார்கள். "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பதே அந்த வார்த்தை.

இதில் பாதிதான் உண்மை.

நோயைக் குணப்படுத்த இனி வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் நோயின் வலியைக் குறைக்க வழி இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. ஊசி இருக்கிறது. இரண்டுக்கும் அடங்காத வலி என்றால், முதுகில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அதன் வழியாக மருந்து கொடுக்கும் முறையும் இருக்கிறது.

இந்தக் குழாய் நேற்று வந்த புதுமை அல்ல. 40 ஆண்டுகளுக்கு மேலாக உலகில் நடந்துவரும் சிகிச்சை. அப்படி இருந்தும், வலியில் துடிக்கும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஏன் இந்த நிலை? மருந்து இல்லையா? பணம் இல்லையா? டாக்டர் இல்லையா? காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

14 லட்சம் பேர்

உலகப் புற்று நோய்க் கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்று நோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அந்த ஓர் ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர்.

நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். நோய் முற்ற முற்ற வலியும் ஏறுகிறது. கட்டி எலும்பை அரிக்கிறது. நரம்பை நசுக்குகிறது. குடலை அடைக்கிறது.

அந்த வலி நோயாளியை மட்டும் வாட்டுவது இல்லை. அவர் தூங்காவிட்டால் வீடே தூங்காது. மகன் வேலைக்குப் போக முடியாது. மகள் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது. பேரப் பிள்ளைகள் அந்த அறைப் பக்கம் போகவே பயப்படுவார்கள்.

ஆகவே, வலியைத் தீர்ப்பது என்பது ஒரு ஆளுக்குச் செய்யும் உதவி அல்ல. ஒரு குடும்பத்துக்கே செய்யும் உதவி.

வலி ஒரு தந்தி

இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது?

உடம்பில் ஓர் இடத்தில் காயம் பட்டால், அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி கிளம்புகிறது. அந்தக் காலத்துத் தந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன நரம்புகள் எல்லாம் முதுகுத் தண்டுக்குள் போய்ச் சேருகின்றன. தண்டுக்குள் இருக்கும் பெரிய நரம்புக் கற்றைக்குத் தண்டுவடம் என்று பெயர். அதன் வழியாகச் செய்தி மூளைக்கு ஏறுகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் "வலிக்கிறது" என்று மனிதனுக்குத் தெரிகிறது.

மாத்திரை விழுங்கினால், அது வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் சுற்றி வருகிறது. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் கிடைப்பது அதில் சிறு பங்குதான்.

நடுவழியில் இருக்கும் தந்தி ஆபீசுக்கே போய், செய்தியை அங்கேயே தடுத்துவிட்டால்? முதுகுக் குழாய் செய்வது அந்த வேலையைத்தான்.

தண்டுவடத்தைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது. அதற்கு டியூரா என்று பெயர். அந்த உறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே, ஒரு சிறு இடைவெளி. அதில் கொஞ்சம் கொழுப்பும், மெல்லிய ரத்தக் குழாய்களும் இருக்கும். இந்த இடைவெளியைத்தான் டாக்டர்கள் எபிடியூரல் என்கிறார்கள்.

பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடுவதைப் பல பெண்கள் அறிவார்கள். அந்த ஊசி போடும் இடமும் இதுதான். பிரசவத்தில் குழாய் சில மணி நேரம் இருக்கும். புற்று நோயில் அது பல வாரங்கள் இருக்கவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் மிகப் பெரியது.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

இது வயிற்றைக் கிழித்துச் செய்யும் பெரிய ஆபரேஷன் அல்ல. ஆனாலும் ஆபரேஷன் அறையில், மிகுந்த சுத்தத்தோடு செய்யவேண்டிய வேலை. மயக்க மருந்து டாக்டர்களில், வலி சிகிச்சையில் பழகியவர்கள் இதைச் செய்கிறார்கள்.

நோயாளியை உட்கார வைத்தோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, முதுகில் ஓர் இடத்தை மரத்துப்போகச் செய்கிறார்கள். பிறகு ஒரு ஊசியை மெல்ல மெல்ல உள்ளே செலுத்துகிறார்கள். ஊசியின் பின்னால் ஒரு சிரிஞ்சு இருக்கும். ஊசி முனை தசைநார்க்குள் இருக்கும் வரை சிரிஞ்சை அழுத்தினால் உள்ளே போகாது. கை தடுக்கும். முனை அந்த இடைவெளிக்குள் நுழைந்ததும், சட்டென்று தடை விலகிவிடும். டாக்டரின் கட்டைவிரலுக்கு அது தெரியும்.

உடனே ஊசிக்குள் மெல்லிய குழாயை விடுகிறார்கள். அதன் பருமன் சுமார் ஒரு மில்லி மீட்டர். குழாயை உள்ளே நிறுத்திவிட்டு ஊசியை உருவிவிடுகிறார்கள்.

இடுப்புக்குக் கீழே வலி என்றால் குழாயின் முனை கீழ் முதுகில் நிற்கும். நெஞ்சுப் பக்கம் வலி என்றால் மேல் முதுகில் நிற்கும்.

சில நாட்களுக்கு மட்டும் என்றால், குழாயை முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். மாதக் கணக்கில் இருக்க வேண்டும் என்றால் அது போதாது. ஆகவே குழாயைத் தோலுக்கு அடியிலேயே சுரங்கம் போலக் கொண்டுபோய், விலாப் பக்கத்திலோ வயிற்றுப் பக்கத்திலோ வெளியே எடுக்கிறார்கள். இதில் இரண்டு நன்மை. குழாய் எளிதில் கழன்று வராது. வெளியில் உள்ள கிருமி நேராக முதுகுக்குள் போகவும் முடியாது.

வெளியே இருக்கும் நுனியில் கிருமி வடிகட்டி ஒன்று மாட்டுவார்கள். அதன் வழியாகத்தான் மருந்து போகும். சிலருக்கு நாளுக்கு இரண்டு வேளை, மூன்று வேளை மருந்து ஏற்றுவார்கள். சிலருக்குச் சிறு பம்பு ஒன்று சொட்டுச் சொட்டாக மருந்து தந்துகொண்டே இருக்கும்.

300-க்குப் பதில் 10

அந்த மருந்து எது? முக்கியமாக மார்ஃபின். அபினில் இருந்து எடுக்கப்படும் மருந்து இது. நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் சில சமயம் அதோடு கலந்து கொடுப்பார்கள். நரம்பே நசுங்கி, நெருப்பாக எரியும் வலிக்குக் குளோனிடின் என்ற மருந்தும் உதவுகிறது.

டாக்டர்கள் ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வாயால் 300 மில்லி கிராம் மார்ஃபின் சாப்பிட்டால் என்ன பலன் கிடைக்குமோ, அந்தப் பலன் முதுகுக் குழாயில் 10 மில்லி கிராம் கொடுத்தால் கிடைத்துவிடும். அதாவது 30-ல் ஒரு பங்கு!

மருந்து குறைந்தால் அதனால் வரும் தொல்லையும் குறையும். மாத்திரையின் அளவு ஏறும்போது சிலர் எப்போதும் தூங்கி வழிவார்கள். சிலருக்கு வாந்தி நிற்காது. சிலருக்குப் புத்தி தடுமாறும். குழாய் வைத்த பிறகு, அப்படிப்பட்டவர்களில் பலர் தெளிவாகப் பேசுகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வந்தவர்களை வா என்று கேட்கிறார்கள்.

முறை வந்த கதை

1921-ல் ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் பிடல் பாகேஸ், கீழ் முதுகில் இந்த இடைவெளியில் மருந்து போட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று எழுதினார்.

1947-ல் கியூபா நாட்டு டாக்டர் கர்பெலோ, ஊசியை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் அங்கேயே நிறுத்தி வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது, சிறுநீர் வழிக்கென்று செய்யப்பட்ட மெல்லிய குழாய்! மருந்தைத் தொடர்ந்து கொடுக்க அதனால் வழி பிறந்தது.

1973-ல் இன்னொரு உண்மை வெளியாயிற்று. அபின் மருந்து வந்து ஒட்டிக்கொள்வதற்கென்றே நரம்பு மண்டலத்தில் தனி இடங்கள் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1976-ல் எலிகளின் தண்டுவடத்தில் மார்ஃபின் கொடுத்துச் சோதித்தார்கள். எலிகளுக்கு வலி குறைந்தது.

1979-ல் மனிதனுக்கு வந்தது. ஜெருசலம் நகர டாக்டர்கள், முதுகின் எபிடியூரல் இடைவெளியில் மார்ஃபின் கொடுத்து வலி குறைந்ததை உலகுக்கு அறிவித்தார்கள்.

1987-ல் அமெரிக்க டாக்டர் டு பென், மாதக் கணக்கில் உள்ளே இருக்கத்தக்க சிலிக்கோன் குழாயை வெளியிட்டார். நோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து ஏற்றிக்கொள்ள அதனால் முடிந்தது.

யாருக்குத் தேவை?

புற்று நோய் வலி உள்ள எல்லோருக்கும் இந்தக் குழாய் வேண்டாம். வேண்டுபவர்கள் சிலரே.

1986-ல் உலக சுகாதார ஸ்தாபனம், வலிக்கு மூன்று படி உள்ள ஏணி ஒன்றை வகுத்தது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்ற சாதாரண மருந்து. அதற்கு அடங்காவிட்டால் அபின் இனத்தில் லேசான மருந்து. அதற்கும் மிஞ்சினால் மார்ஃபின். மருந்தை வலி வந்த பிறகு கொடுக்காமல், வலி வருமுன் மணி பார்த்துக் கொடுக்கவேண்டும். முடிந்தவரை வாயால் கொடுக்கவேண்டும்.

மணி பார்த்து மருந்து கொடுக்கும் இந்த வழக்கத்தை நிலைநாட்டியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. சிசிலி சாண்டர்ஸ் என்பது பெயர். முதலில் நர்சாக இருந்தார். பிறகு டாக்டருக்குப் படித்தார். 1967-ல் லண்டனில், சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்காகவே ஓர் இல்லம் திறந்தார்.

இந்த ஏணி முறையை ஒழுங்காகப் பின்பற்றினால், 10 பேரில் 7 முதல் 9 பேர் வரை வலி அடங்கிவிடுகிறது. மீதி இருக்கும் சிலருக்குத்தான் குழாய், நரம்பு ஊசி போன்ற சிகிச்சைகள். எலும்பில் ஓர் இடத்தில் மட்டும் வலி என்றால், கதிர் சிகிச்சை ஒரே தடவை கொடுத்தாலே பலருக்குக் குறையும். கணையப் புற்று நோய் வலிக்கு, வயிற்றின் பின்புறம் உள்ள நரம்புக் கூட்டத்தில் ஊசி போடும் முறை உண்டு. கருப்பை வாய், மலக்குடல் போன்ற இடங்களில் கட்டி வளர்ந்து, கால் நரம்பையும் சேர்த்து நசுக்கினால், முதுகுக் குழாய் கை கொடுக்கும்.

சில வாரங்கள், இரண்டு மூன்று மாதங்கள் வாழக்கூடியவர்களுக்கு இந்தக் குழாய் ஏற்றது. அதற்கு மேலும் நெடுநாள் வாழ்வார் என்று தோன்றினால், உறைக்கு உள்ளேயே குழாய் வைத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்பு புதைக்கும் முறையை டாக்டர்கள் யோசிப்பார்கள். அந்தப் பம்புக்கு லட்சக் கணக்கில் செலவாகும்.

ஆபத்து இல்லையா?

உண்டு. அதை மறைக்கக் கூடாது.

முதல் ஆபத்து கிருமி. குழாய் வழியாகக் கிருமி நுழைந்தால் முதுகுக்குள் சீழ் கட்டும். அது தண்டுவடத்தை அழுத்தினால் கால் விழுந்துவிடக்கூடும். மூளை உறையில் காய்ச்சலும் வரலாம்.

இரண்டாவது, குழாய் நகர்ந்துவிடலாம். மடிந்துவிடலாம். அடைத்துக்கொள்ளலாம். நாளாக ஆக, குழாயின் முனையைச் சுற்றித் தழும்பு போலத் தசை வளரும். அப்போது மருந்து ஏற்றும்போதே வலிக்கும். மருந்தின் பலனும் குறையும்.

மூன்றாவது, மருந்தால் வரும் தொல்லை. உடம்பு அரிக்கலாம். சிறுநீர் இறங்காமல் போகலாம். மரத்துப்போகும் மருந்து கூடினால் கால் துவளும். ரத்த அழுத்தம் இறங்கும். மார்ஃபின் அளவு மீறினால் மூச்சு மெதுவாகிவிடும். ஆகவேதான் முதல் சில நாட்கள் நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கிறார்கள்.

ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், முதுகில் புண் உள்ளவர்கள், மூளையில் அழுத்தம் ஏறி இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுவோர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

வீட்டில்தான் வெற்றி

குழாயைப் பொருத்தும் வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் காப்பாற்றும் வேலை நாள்தோறும் இருக்கிறது. இந்தச் சிகிச்சை வெல்வதும் தோற்பதும் வீட்டில்தான்.

மருந்து ஏற்றுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கட்டை நனைக்கக் கூடாது. குறித்த நாளில் நர்சு வந்து கட்டு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குழாயில் வேறு எந்த மருந்தையும் ஏற்றவே கூடாது. கைநரம்பில் போடும் மருந்தைத் தவறி இதில் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, "இது முதுகுக் குழாய்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. முதுகுக் குழாய்க்கென்று வரும் மார்ஃபினும் தனி. கெடாமல் இருக்கச் சேர்க்கும் சரக்கு அதில் இருக்கக் கூடாது.

காய்ச்சல், புதிதாக முதுகு வலி, குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு அல்லது சீழ், காலில் பலவீனம், சிறுநீர் அடைப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கவேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துவிட்டு, 100 மைலுக்கு அப்பால் உள்ள கிராமத்துக்கு நோயாளியை அனுப்பினால் என்ன ஆகும்? கட்டு மாற்றுவது யார்? மருந்து தீர்ந்தால் எங்கே வாங்குவது? நடு இரவில் யாரைக் கேட்பது?

இதற்கு விடை இல்லாத ஊரில், நல்ல டாக்டர் குழாய் வைக்கவே தயங்குவார். குழாய் அபூர்வமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். பக்கத்தில் ஆள் வேண்டும். கையில் மருந்து வேண்டும். இரண்டும் இருந்தால் மற்றவை தானே வரும்.

அபின் விளையும் நாடு

மருந்தின் கதையோ இன்னும் விசித்திரமானது.

மார்ஃபினுக்கு வேண்டிய அபின் நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் லைசென்சு பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். காஜிபூரிலும் நீமச்சிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்திய அபின் மருந்துக்காக வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. விளையும் நாட்டிலோ நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது அரிது!

காரணம், ஒரு சட்டம். போதை மருந்துக் கடத்தலை ஒடுக்க, 1985-ல் கடுமையான சட்டம் வந்தது. தவறு செய்தால் குறைந்தது 10 ஆண்டு ஜெயில் என்ற நிலை உண்டாயிற்று. மார்ஃபின் வாங்கவும், வைக்கவும், கொண்டுபோகவும் தனித்தனி லைசென்சு. ஒரு லைசென்சு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். மருந்துக் கடைக்காரர்கள் பயந்தார்கள். ஆஸ்பத்திரிகள் கைகழுவிவிட்டன. 1997-ல் இந்தியா முழுவதும் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ!

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் படித்து வெளிவந்த டாக்டர்களில் பலர், மார்ஃபினைக் கையால் தொட்டதே இல்லை. எந்த அளவில் கொடுப்பது, எப்படி ஏற்றுவது என்ற பழக்கமே அற்றுப்போயிற்று.

2014-ல் பார்லிமெண்டு இந்தச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்பட 6 மருந்துகள் "அத்தியாவசியப் போதை மருந்துகள்" என்று பிரிக்கப்பட்டன. பல லைசென்சு போய், அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆயிற்று.

கதவு திறந்தது. ஆனால் கூட்டம் உள்ளே வரவில்லை. 2017-ல் லான்செட் என்ற மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு உலகக் கணக்கு ஒன்றை வெளியிட்டது. வலி தீர்க்க இந்தியாவுக்கு எவ்வளவு அபின் மருந்து தேவையோ, அதில் 100-க்கு 4 பங்குதான் கிடைக்கிறது என்று அந்தக் குழு கூறியது. சட்டத்தை ஒரு நாளில் மாற்றிவிடலாம். 30 ஆண்டுப் பயத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது என்பதையே இது காட்டுகிறது.

பயம் வீண் பயமா?

முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் இதே இன மாத்திரைகளைச் சாதாரண வலிக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். கம்பெனிகள் விளம்பரம் செய்து விற்றன. லட்சக் கணக்கானவர்கள் பழக்கத்துக்கு அடிமையாகி மாண்டார்கள்.

ஆகவே கட்டுப்பாடு வேண்டும். கணக்கு வேண்டும். பூட்டும் சாவியும் வேண்டும். ஆனால் அங்கே மருந்து அளவை மீறியது. இங்கே தேவைக்கே வந்து சேரவில்லை. வெள்ளம் வந்த ஊரைக் காட்டி, வறண்ட ஊருக்குத் தண்ணீர் விட மறுப்பது நியாயம் ஆகாது.

டாக்டர் மேற்பார்வையில், புற்று நோய் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினால் ஒருவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிக்கும் என்பது உண்மை. அதனால்தான் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மார்ஃபின் கொடுத்தால் ஆயுள் குறைந்துவிடும் என்பதும், அது கடைசி நாளுக்கு மட்டுமே உரிய மருந்து என்பதும் தவறான எண்ணம். மாத்திரையாகச் சாப்பிடும்போது மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

கேரளம் காட்டிய வழி

பக்கத்தில் உள்ள கேரளம் ஒரு வழி காட்டியது.

1993-ல் கோழிக்கோட்டில், சில டாக்டர்களும் ஊழியர்களும் சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். மயக்க மருந்து நிபுணர். ஊசியும் குழாயும் அவருக்குக் கைவந்த வித்தை. ஆனால், பலருக்குத் தேவைப்படுவது மாத்திரையும், வீடு தேடி வரும் ஆளும்தான் என்று அவரும் அவருடைய தோழர்களும் கண்டார்கள்.

ஊரில் உள்ள சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கடைக்காரர், ஆசிரியர், மாணவர் எல்லோரும் வந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடவும், வலியைக் கேட்டு எழுதவும், நர்சுக்குச் செய்தி சொல்லவும் கற்றார்கள். 2008-ல் கேரள சர்க்கார் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் அடிப்படை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி உலகறிந்தது. 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய் நர்சு பார்ப்பதும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.

வீட்டுக்கு வரும் அந்த நர்சிடம் மார்ஃபின் பற்றிய பயிற்சி இருக்கிறதா? அவர் எழுதி அனுப்பினால், பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா? மாத்திரைக்கு அடங்காவிட்டால், மாவட்டத்தில் குழாய் பொருத்தும் டாக்டர் யார் என்று அவருக்குத் தெரியுமா? இந்த மூன்று கேள்விக்கும் "ஆம்" என்ற விடை வரும் இடத்தில்தான், குழாய் பணக்காரர் சிகிச்சையாக இல்லாமல் எல்லோருக்கும் உரிய சிகிச்சையாக மாறும்.

வாய் திறக்க வேண்டும்

வலியை அளக்கத் தர்மாமீட்டர் கிடையாது. நோயாளி சொல்வதுதான் அளவு. ஆனால் நம் பெரியவர்கள் சொல்வது இல்லை. பிள்ளைகளுக்குச் சிரமம் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். பட்ட கடனைத் தீர்க்கிறேன் என்று விதியின்மேல் பாரத்தைப் போடுகிறார்கள்.

ஆகவே கேட்பவர்தான் கேட்க வேண்டும். "ரூபாய்க்கு எத்தனை பைசா வலி, பாட்டி?" என்று கேட்டால் போதும். "முக்கால் ரூபாய் இருக்கும், தாயி" என்று பாட்டி சொல்லிவிடுவார். மருந்து கொடுத்த மறுநாள், "இன்றைக்கு?" என்று கேட்டால், "கால் ரூபாய்" என்பார். அதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைத்தால், டாக்டருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட்டு வேறு இல்லை.

குடும்பத்தார் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை:

1. இந்த ஆஸ்பத்திரியில் மார்ஃபின் இருக்கிறதா? இல்லை என்றால் எங்கே கிடைக்கும்?

2. மருந்தை எந்த எந்த மணிக்குக் கொடுக்கவேண்டும்? நடுவில் வலி வந்தால் என்ன செய்வது?

3. மாத்திரைக்கு அடங்காவிட்டால், கதிர் சிகிச்சை, நரம்பு ஊசி, முதுகுக் குழாய் ஆகியவற்றில் எது பொருந்தும்?

4. குழாய் வைத்தால் கட்டு மாற்றுவது யார்? இரவில் யாருக்குப் போன் செய்வது?

"ஒன்றும் செய்வதற்கு இல்லை" என்ற பதில் வந்தால், "நோய்க்கா, வலிக்கா?" என்று திருப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

மரணத்தை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு தாய் தன் கடைசி மாதத்தில் அலறாமல் தூங்குவதும், காலையில் எழுந்து பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மனிதர் கையில் இருக்கிற காரியம். அதற்கு மருந்து இருக்கிறது. குழாய் இருக்கிறது. சட்டமும் இடம் கொடுக்கிறது. இனிமேல் வரவேண்டியது ஆள்தான்.